கண்ணும் காதும், முன்னும் பின்னும்
இந்தியில் உறுப்புப் பெயர்களும் இடச் சொற்களும்

காசிக்குச் சென்ற தமிழர் ஒருவருக்கு நீண்ட இரயில் பயணத்தால் முதுகு பிடித்துக்கொண்டது என வைத்துக்கொள்வோம். அவர் சிறு கையேடு ஒன்றைப் பார்த்து நாலு இந்திச் சொற்களை மனப்பாடம் செய்திருக்கிறார். மருந்துக் கடைக்குப் போய், முதுகு வலிக்கிறது என்று சொல்வதாக எண்ணி, ‘பேட்’ என்கிறார். கடைக்காரர் வயிற்று வலிக்கு மாத்திரை எடுத்துத் தருகிறார். குறை கடைக்காரர்மீது இல்லை. இந்தியில் ‘பேட்’ என்றால் வயிறு. ‘பீட்’ என்பதே முதுகு. கையேட்டிலும் இரண்டும் சரியாகவே இருந்தன. அவர் நினைவில்தான் ஓர் உயிரெழுத்து இடம் மாறிவிட்டது.

இது நகைத்துவிட்டுப் போகக்கூடிய செய்தியன்று. வேற்றூரில் நோய்வாய்ப்பட்டவனுக்கு முதலில் வேண்டியவை இரண்டே: எந்த உறுப்பு என்பதும், அது எந்தப் பக்கம் என்பதும். தமிழகத்திற்கு வேலை தேடி வரும் வடநாட்டுத் தொழிலாளி மருத்துவமனையில் தன் வலியைச் சொல்லும்போது, அதைக் கேட்கும் தமிழ்ச் செவிலிக்கும் இவ்விரண்டுமே வேண்டும். 1938இலும் 1965இலும் தமிழகத்தில் எழுந்த எதிர்ப்பு, இந்தியைக் கட்டாயமாக்குவதைப் பற்றியது. தேவை கருதித் தானே விரும்பி ஒரு மொழியின் நூறு சொற்களைக் கற்பது வேறு. அப்படிக் கற்க நினைப்பவருக்குத் தமிழறிவு எவ்வாறு துணை செய்கிறது, எங்கே காலை வாருகிறது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

தெரிந்த சொற்களின் தேய்ந்த வடிவம்

இந்தியின் உறுப்புப் பெயர்களுட் பல, வடமொழிச் சொற்கள் பல நூற்றாண்டுகளாக மக்கள் வாயிற்பட்டுத் தேய்ந்தவை. அவற்றின் மூல வடிவங்கள் தமிழிலும் ஆங்காங்கே தங்கியிருக்கின்றன. ஆதலால் தமிழறிந்தவருக்கு இச்சொற்கள் முற்றும் அயலானவை அல்ல.

பல்லுக்கு இந்தியில் ‘தாந்த்’ என்று பெயர். யானையின் கொம்பை நாம் ‘தந்தம்’ என்கிறோமே, அதே சொல். காது ‘கான்’ எனப்படும். ‘கர்ணபரம்பரை’, ‘கர்ணகடூரம்’ என்னும் தொடர்களில் வரும் கர்ணமே அவ்வாறு குறுகிற்று. கண் ‘ஆங்க்’; இதன் மூலமாகிய ‘அக்ஷி’யை மீனாட்சி, காமாட்சி, விசாலாட்சி என்னும் பெயர்களின் இறுதியிற் காணலாம். விரல் ‘உங்க்லீ’, விரலளவாகிய ‘அங்குலம்’ இதற்கு உறவு. கை ‘ஹாத்’, இருபத்தேழு நாள்மீன்களுள் ஒன்றாகிய ‘அஸ்தம்’ இதன் மூத்த வடிவம். தலை ‘ஸிர்’, நம் ‘சிரசு’. பாதம் தேய்ந்து ‘பான்வ்’ ஆயிற்று. ‘பைர்’ என்னும் சொல்லும் காலைக் குறிக்க வழங்குகிறது.

வேறு சில பாரசீகத்திலிருந்து வந்து கலந்தவை. கழுத்தைக் குறிக்கும் ‘கர்தன்’, இடுப்பைக் குறிக்கும் ‘கமர்’, நெஞ்சைக் குறிக்கும் ‘தில்’, நகத்தைக் குறிக்கும் ‘நாகூன்’, இரத்தத்தைக் குறிக்கும் ‘கூன்’ ஆகியன அத்தகையவை. வலி என்னும் பொருள்தரும் ‘தர்த்’ என்பதும் அவ்வழி வந்ததே. இவற்றுக்குத் தமிழில் பிடிமானம் இல்லை. பழகித்தான் கொள்ள வேண்டும்.

உறவுபோலத் தோன்றி ஏமாற்றும் சொற்களும் உள. இந்தியில் ‘நாக்’ என்றால் மூக்கு, நாக்கு அன்று. நாக்குக்கு ‘ஜீப்’ என்று பெயர். தமிழ்ப் பேச்சில் ‘முட்டி’ என்று முழங்காலைச் சொல்வோரும் உண்டு. இந்தியில் ‘முட்டீ’ என்பது மூடிய கை. முழங்காலுக்கு ‘குட்னா’ என்பர். இவற்றைக் கற்பிக்கும் ஆசிரியர் முதல் நாளே இந்த இரண்டு கண்ணிகளையும் சுட்டிக்காட்டிவிடுதல் நன்று.

தமிழெழுத்து மறைக்கும் வேறுபாடு

அடுத்த இடர் எழுத்தினால் விளைவது. தமிழில் வல்லினம் ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்தே உண்டு. இந்தியில் க என்னும் ஓரிடத்தில் மட்டும் நான்கு ஒலிகள் உள்ளன. நம் முன்னோர் வடமொழித் தோத்திரங்களைத் தமிழெழுத்தில் அச்சிட்டபோது, எழுத்தின்மேல் 2, 3, 4 என எண்ணிட்டு இவ்வேறுபாட்டைக் காட்டினர். அம்முறை இந்தி கற்பார்க்கும் பயன்படும்.

‘கால்’ என்று தமிழில் எழுதிப் பாருங்கள். இந்தியில் இது மூன்று சொற்களாகும். எண்ணில்லாத ‘கால்’ காலத்தையும் எமனையும் குறிக்கும். ‘கா²ல்’ என மூச்சை அழுத்திச் சொன்னால் தோல். ‘கா³ல்’ எனக் குரல் கொடுத்துச் சொன்னால் கன்னம். மூன்றனுள் ஒன்றேனும் நாம் நடக்கும் காலைக் குறிக்காது! இவ்வாறே ‘பால்’ என்று எழுதியதை ‘பா³ல்’ எனக் குரலொலியோடு படித்தால், அது தலைமயிர். நாம் பருகும் பாலுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

நம் காசிப் பயணியின் சொல்லுக்கு வருவோம். ‘பேட்’ வயிறு. ‘பேட்³’ மரம், இங்கே நாவை மேலண்ணத்தில் வருடிச் சொல்ல வேண்டும். ‘பீட்²’ முதுகு, இறுதியில் மூச்சு வெளிப்படும். எண்ணில்லாமல் எழுதிய கையேட்டில் வயிறும் மரமும் ஒன்றாகிவிடுகின்றன. முதுகுக்கும் வயிற்றுக்கும் இடையே ஓர் உயிரெழுத்தே காவலாக நிற்கிறது. ஆகவே கற்பவர் இச்சொற்களைத் தேவநாகரி எழுத்தில் ஒருமுறையேனும் பார்த்துக்கொள்வது நலம். முடியாதவர் எண்ணிட்டு எழுதிக்கொள்ளட்டும். இக்கட்டுரையில் குழப்பம் நேரக்கூடிய இடங்களில் மட்டும் எண் இட்டுள்ளோம்.

கண் பெண்பால், காது ஆண்பால்

தமிழில் பால் பகுப்புப் பொருள்பற்றியது. உறுப்புகள் யாவும் அஃறிணை. கண்ணுக்கும் காதுக்கும் ஆண் பெண் வேறுபாடு கிடையாது. இந்தியில் அஃறிணைப் பால் என்பதே இல்லை. ஒவ்வொரு பெயரும் ஆண்பாலாகவோ பெண்பாலாகவோ நின்றே தீரவேண்டும்.

கண் பெண்பால், காது ஆண்பால். மூக்கு பெண்பால், வாய் ஆண்பால். நாக்கு பெண்பால், பல் ஆண்பால். முதுகு பெண்பால், வயிறு ஆண்பால். கழுத்தும் இடுப்பும் விரலும் எலும்பும் பெண்பாலில் அடங்க, கையும் காலும் தலையும் தோளும் ஆண்பாலில் அடங்கும். இதற்குப் பொருள்பற்றிய காரணம் தேடிப் பயனில்லை. ஆடவரின் மீசையாகிய ‘மூஞ்ச்²’, தாடியாகிய ‘தாடீ’ ஆகிய இரண்டுமே இந்தியில் பெண்பால் என்றால் வேறென்ன சொல்வது!

இதைத் தனிச் சூத்திரமாக நெட்டுருச் செய்வதைவிட, ‘என்’ என்னும் சொல்லோடு சேர்த்துக் கற்பது எளிது. ‘என்’ என்பது ஆண்பாற் பெயருக்குமுன் ‘மேரா’ என்றும், பெண்பாற் பெயருக்குமுன் ‘மேரீ’ என்றும் வரும். மேரா ஹாத் என்றால் என் கை. மேரீ ஆங்க் என்றால் என் கண். மேரா கான் என்றால் என் காது. மேரீ நாக் என்றால் என் மூக்கு. சொல்லை ஒருபோதும் தனியே விடாமல் இந்தத் துணையோடு பத்துமுறை சொல்லிவிட்டால் பால் நாவில் தங்கிவிடும்.

இடச் சொற்களில் தமிழர்க்கு உள்ள நன்மை

உறுப்புப் பெயர்களில் நாம் பட்ட துன்பத்திற்கு இடச் சொற்களில் ஈடு கிடைக்கிறது. ஆங்கிலத்தில் ‘கீழ்’, ‘மேல்’ போன்ற சொற்கள் பெயருக்கு முன்னே நிற்கும். இந்தியில் அவை தமிழைப்போலவே பெயருக்குப் பின்னே நிற்கின்றன. ‘மரத்தின் கீழே’ என்பதை இந்தியில் ‘பேட்³ கே நீச்சே’ என்பர். பேட்³ மரம், கே என்பது ‘இன்’, நீச்சே கீழே. சொல்லுக்குச் சொல் வரிசை மாறாமல் நிற்பதைக் காண்க.

இந்த ‘கே’ என்னும் இணைப்பை வைத்துக்கொண்டு மற்றவற்றையும் அமைத்துக்கொள்ளலாம். கே ஊபர் என்றால் மேலே. கே ஆகே, முன்னே. கே பீச்சே, பின்னே. கே ஸாம்னே, எதிரே. கே அந்தர், உள்ளே. கே பா³ஹர், வெளியே. கே பாஸ், அருகே. கே பீச், நடுவே. ‘பக்கம், திசை’ என்னும் பொருள்தரும் ‘தரஃப்’ பெண்பாற் பெயராதலின், அதன் முன் மட்டும் ‘கே’ என்பது ‘கீ’ ஆகும்: ‘கீ தரஃப்’. வலம் ‘தாயான்’, இடம் ‘பா³யான்’. ஈற்றில் உள்ள னகரம் முழுதும் ஒலியாது மூக்கொலியாகத் தேயும். இவை இரண்டும் பாலுக்கேற்ப மாறும்: ‘தாயான் ஹாத்’ வலக் கை, ‘தாயீன் ஆங்க்’ வலக் கண்.

உருபு ஏற்கும்போது பெயர் சிறிது மாறுவதும் தமிழர்க்குப் புதுமையன்று. ‘மரம்’ என்பது உருபேற்கையில் ‘மரத்து’ எனவும், ‘வீடு’ என்பது ‘வீட்டு’ எனவும் திரிகின்றன அல்லவா? அதுபோலவே ‘ஆ’ என முடியும் ஆண்பாற் பெயர்கள் இந்தியில் ‘ஏ’ எனத் திரியும். முழங்கால் ‘குட்னா’, முழங்காலில் ‘குட்னே மேன்’. தொண்டை ‘கலா’, தொண்டையில் ‘கலே மேன்’. தோள் ‘கந்தா’, தோள்மீது ‘கந்தே பர்’. ‘மேரா’ என்பதும் இவ்வாறே ‘மேரே’ ஆகும். ஆனால் ‘மேரீ’ மாறாது நிற்கும். இச்சிறு குறிப்பை நினைவில் வைத்திருங்கள். கட்டுரையின் முடிவில் இது நமக்கு உதவும்.

உடம்பே இடத்தின் அளவுகோல்

உறுப்புப் பெயர்களையும் இடச் சொற்களையும் ஏன் ஒன்றாகக் கற்க வேண்டும் என்று சிலர் கேட்கலாம். அவை ஒன்றிலிருந்து ஒன்று பிறப்பவை என்பதே விடை. மனிதன் தன் உடம்பை நடுவாக வைத்தே உலகை அளந்திருக்கிறான்.

இந்தியின் ‘பாஸ்’ என்னும் ‘அருகே’, விலாப்புறத்தைக் குறிக்கும் ‘பார்ஶ்வ’ என்னும் வடசொல்லின் தேய்வு. விலாவை ஒட்டி இருப்பதுதானே அருகில் இருப்பது? ‘ப³கல்’ என்றால் அக்குள்; ‘கே ப³கல் மேன்’ என்றால் பக்கத்தில். கட்டிலின் தலைப்புறத்தை ‘ஸிர்ஹானா’ என்றும், காற்புறத்தைப் ‘பைதானா’ என்றும் இந்தியில் வழங்குவர். நம் தாய்மார் ‘தலைமாடு’, ‘கால்மாடு’ என்று சொல்வதும் இதுவே.

தமிழாசிரியர்க்கு இதனை நீட்டி விளக்க வேண்டியதில்லை. நன்னூலார் ஏழாம் வேற்றுமைக்கெனத் தொகுத்துரைக்கும் 28 உருபுகளை நினைவிற் கொண்டால் போதும். அவற்றுள் கண், கால், தலை, வாய், இடை, புறம் ஆகியவை இருக்கின்றன. இவை யாவும் உறுப்புப் பெயராகவும் நிற்கும் சொற்கள். புறம் என்பது முதுகு. அதனாலன்றோ ஒருவன் இல்லாதபோது அவனைப் பழிப்பதைப் ‘புறங்கூறல்’ என்கிறோம். இந்தியிலும் அச்செயலைக் குறிக்க ‘பீட்² பீச்சே’, அதாவது முதுகுக்குப் பின்னே, என்றுதான் சொல்கிறார்கள்.

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வாழும் நமக்கு மூன்றாவது சான்றும் அருகிலேயே இருக்கிறது. மலாயில் ‘பெலாக்காங்’ என்றால் முதுகு. ‘டி பெலாக்காங்’ என்றால் பின்னால். முகத்தைக் குறிக்கும் ‘மூக்கா’ வடமொழி முகமே. ‘டி மூக்கா’ என்றால் முன்னால். மூன்று வெவ்வேறு குடும்பங்களைச் சேர்ந்த மொழிகள் இவ்வகையில் ஒரே வழியிற் சென்றுள்ளன. இதனை உணர்ந்த மாணவனுக்குச் சொற்பட்டியல் சுமையாகத் தோன்றாது.

முன்னும் பின்னும் தடுமாறும் இடம்

ஒற்றுமையைக் கண்டு மகிழ்ந்தவர் ஓரிடத்தில் விழிப்பாக இருக்க வேண்டும். ‘ஆகே’ என்றால் முன், ‘பீச்சே’ என்றால் பின் என்று கற்றுவிட்டோம். இடத்திற்கு இது சரியே. காலத்திற்கு வரும்போது இரு மொழிகளும் எதிரெதிராகத் திரும்பிவிடுகின்றன.

தமிழில் ‘முன்பு வந்தான்’ என்றால் நடந்துபோன காலம். ‘பின்பு வருவான்’ என்றால் வருங்காலம். இந்தியில் ‘அக்³லா’ என்பது ‘முன்’ என்னும் பொருளுடைய ‘அக்ர’ என்பதன் வழிவந்த சொல். ஆயினும் ‘அக்³லா ஸால்’ என்றால் அடுத்த ஆண்டு. ‘பிச்²லா’ என்பது ‘பின்’னோடு தொடர்புடையது, ஆயினும் ‘பிச்²லா ஸால்’ என்றால் சென்ற ஆண்டு. மருத்துவர் ‘அக்³லே ஹஃப்தே’ வரச் சொன்னால், அவர் அடுத்த வாரத்தைத்தான் குறிக்கிறார். சொல்லின் வேரை மட்டும் நம்பிய தமிழர், முந்திய வாரத்தைப்பற்றி ஏதோ கேட்கிறார் என்று மயங்கக்கூடும்.

காரணம் எளிது. இந்தி பேசுவோன் சாலையில் நடப்பவனைப்போல் காலத்தைப் பார்க்கிறான். இனி வரப்போவது அவன் முகத்திற்கு எதிரே இருக்கிறது, கடந்துபோனது முதுகுக்குப் பின்னே கிடக்கிறது. தமிழன் நிகழ்ச்சிகளை வரிசையில் நிற்பவர்களைப்போல் பார்க்கிறான். முதலில் வந்தது முன்னே நிற்கிறது, அடுத்து வருவது அதன் பின்னே நிற்கிறது. இரண்டும் பொருந்திய பார்வைகளே. எதில் நிற்கிறோம் என்பதை மறக்கக்கூடாது.

திசைப் பெயர்களிலும் இத்தகைய வேறுபாடு உண்டு. வடமொழி வழிவந்த பெயர்கள், எழுஞாயிற்றை நோக்கி நிற்கும் ஒருவனின் உடம்பிலிருந்து பிறந்தவை. பூர்வம் முன், பச்சிமம் பின், தக்ஷிணம் வலக்கைப் பக்கம். வலக்கையைக் குறிக்க இந்தியில் வழங்கும் ‘தாஹினா’வும், தென்னாட்டு மேட்டுநிலத்திற்கு வழங்கும் ‘தக்காணம்’ என்னும் பெயரும் அந்தத் தக்ஷிணத்தின் வழிவந்தவையே. தமிழ்ப் பெயர்களோ நிலத்திலிருந்து பிறந்தவை. மலை உயர்ந்த பக்கம் மேல், அதனால் மேற்கு; கடலை நோக்கித் தாழும் பக்கம் கீழ், அதனால் கிழக்கு. ஆதலால் இந்தித் திசைச் சொல்லைக் கற்பிக்கும் ஆசிரியர், மாணவனைக் கிழக்கு நோக்கி நிற்கவைத்து, ‘உன் முன்னே பூரப், பின்னே பச்சி²ம், வலக்கைப் பக்கம் தக்ஷிண், இடக்கைப் பக்கம் உத்தர்’ என்று சொல்லிக் கொடுத்தால் ஒரே பாடத்தில் நான்கும் பதியும்.

கற்பிக்கும் முறை

மேற்கூறியவற்றைத் தொகுத்து ஒரு முறையாகக் கூறுவோம். முதலாவது, உறுப்புப் பெயரைத் தொட்டுக் காட்டி, ‘மேரா’ அல்லது ‘மேரீ’ சேர்த்தே சொல்ல வேண்டும். இரண்டாவது, ஒரு பென்சிலைக் கையில் எடுத்துத் தலைக்கு மேல், முதுகுக்குப் பின், கைக்குக் கீழ், இரு விரல்களுக்கு நடுவில் என வைத்து, ஒவ்வொன்றையும் இந்தியில் சொல்லவேண்டும்: ஸிர் கே ஊபர், பீட்² கே பீச்சே, ஹாத் கே நீச்சே, உங்க்லியோன் கே பீச். உறுப்பும் இடமும் ஒரே மூச்சில் வந்துவிடும். மூன்றாவது, ‘கஹான் தர்த் ஹை?’, எங்கே வலிக்கிறது, என்று ஒருவர் வினவ மற்றவர் விடை சொல்ல வேண்டும்.

அந்த விடையில்தான் நாம் முன்னே குறித்துவைத்த செய்தி உதவுகிறது. வயிறு ஆண்பால், ஆகவே ‘மேரே பேட் மேன் தர்த் ஹை’. முதுகு பெண்பால்; ஆகவே ‘மேரீ பீட்² மேன் தர்த் ஹை’. தமிழர் நாவுக்கு ‘ட்²’ என்னும் மூச்சொலி உடனே வராமற் போகலாம். பதற்றத்தில் ஈகாரமும் ஏகாரமும் மயங்கலாம். ஆயினும் ‘மேரீ’ என்னும் முற்சொல் சரியாக வந்துவிட்டால், பின்னால் வருவது பெண்பாற் சொல் என்பதும், வயிறு ஆகாது என்பதும் கேட்பவருக்கு முன்பே தெரிந்துவிடும். தொல்லை என்று நாம் சலித்துக்கொண்ட ஆண்பால் பெண்பாலே இங்கே நோயாளிக்குக் காவலாகிறது.

காசிப் பயணி ஒற்றைச் சொல்லைக் கற்றுக்கொண்டு போனார். அதனால் அச்சொல் தவறியவுடன் அவருக்கு வேறு துணை இல்லை. அச்சொல்லை ‘மேரீ’யோடும் ‘மேன்’ என்னும் உருபோடும் தொடராகக் கற்றிருந்தால், ஓரொலி பிழைத்தாலும் மற்றவை பொருளைத் தாங்கியிருக்கும். உறுப்புப் பெயரை இடத்தோடும், இடத்தைத் தொடரோடும் சேர்த்தே கற்பியுங்கள் என்பதே தமிழாசிரியர்களுக்கு நாம் கூற விழைவது. இந்திக்கு மட்டுமன்றி, மலாய் கற்கும் சிறுவனுக்கும், நம் வீட்டில் தமிழ் மறந்துவரும் பேரக் குழந்தைக்கும் இம்முறை பொருந்தும். ‘உன் தலைக்கு மேலே என்ன? உன் முதுகுக்குப் பின்னே என்ன?’ என்று அக்குழந்தையை இன்றே கேட்டுப் பார்க்கலாமே.